எது கீழே என்று விதைக்கு எப்படித் தெரிகிறது? பச்சைப்பயற்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஒரு நாள் பாகல் விதை நட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “மூக்கு கீழே பார்க்கிற மாதிரி வை தம்பி. தலைகீழா வச்சா முளை மண்ணுக்குள்ளேயே போயிடும்” என்றார். ஊரில் என் அம்மாவும் இதையேதான் சொல்வார். மறுபேச்சு பேசாமல் எல்லா விதையையும் திருப்பி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை வந்தது. காட்டில் தானாக உதிர்ந்து விழும் விதைக்கு யார் மூக்கைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார்கள்?

அன்றிரவு ஒரு பிடி பச்சைப்பயற்றை ஊறவைத்தேன். அதிலிருந்து வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சி.டி. பெட்டியில் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. செய்து பார்த்ததையும், செய்யும்போது கெட்டுப்போனதையும், அதன் பின்னால் இருக்கும் அறிவியலையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தால் ஒரு வார விடுமுறையில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். வேர் கனமாக இருப்பதால் கீழே தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அப்படியானால் தண்டும் கனம்தானே, அது ஏன் மேலே போகிறது? வேர் துவண்டு விழுவது கிடையாது. கீழே எது என்று கண்டுபிடித்து, தன் வளர்ச்சியை ஒரு பக்கம் குறைத்து, மறு பக்கம் தொடர்ந்து, அந்தத் திசைக்குத் தானே திரும்புகிறது. பாடநூலில் இதைப் புவிச்சார்பசைவு என்பார்கள். புவிநாட்டம் என்றும் சொல்வதுண்டு. கண்டுபிடிக்கும் இடம் ஒன்று, திரும்பும் இடம் வேறொன்று. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் எதற்கு என்பது விளங்கும்.

தேவையான பொருட்கள்

முழுப் பச்சைப்பயறு ஒரு பிடி. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கினாலும் சரி, பக்கத்துப் பேரங்காடியில் வாங்கினாலும் சரி, உடைத்ததோ தோல் நீக்கியதோ கூடாது. சமையலுக்கு வாங்கும் தவ்கே என்ற பயற்றுமுளை வருவதும் இதே பயற்றிலிருந்துதான். பழைய சி.டி. பெட்டிகள் மூன்று. உள்ளே வட்டைப் பிடித்து வைக்கும் தட்டைப் பிய்த்து எடுத்துவிடுங்கள், பயறு உட்காரும் அளவுக்கு இடம் கிடைக்கும். சமையலறைத் தாள், ரப்பர் வளையம், நுனி மெல்லிய அழியா மைப் பேனா, புதுச் சவர பிளேடு ஒன்று, மூடியுள்ள காலணிப் பெட்டி, படம் எடுக்கக் கைப்பேசி. அவ்வளவுதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தட்டிலோ கிண்ணத்திலோ தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் போதும், அப்புறம் அபராதக் கடிதம்தான் வரும். பின்னால் தொட்டிச் செடியைச் சாய்த்து வைக்கும் சோதனை ஒன்று வருகிறது. அதைத் தாழ்வாரத்தில் செய்வதானால் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள்.

முதல் படி: நான்கு திசையில் நான்கு விதை

காலையில் பயற்றை ஊறவைத்து மாலையில் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். நம் ஊர் வெக்கைக்கு அதற்கு மேல் ஊறினால் நாற்றம் பிடிக்கும்.

சமையலறைத் தாளை மூன்று நான்கு மடிப்பாக மடித்துப் பெட்டிக்குள் விரியுங்கள். நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். பயற்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சிறு கோடு தெரியும். அதன் பக்கத்திலிருந்துதான் முளைவேர் வரும். ஒரு பயற்றில் அது மேலே பார்க்கட்டும், ஒன்றில் கீழே, ஒன்றில் இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம். மூடி, ரப்பர் வளையம் போட்டு, பெட்டியைப் புத்தகம் நிற்பதுபோல் செங்குத்தாக நிறுத்திக் காலணிப் பெட்டிக்குள் வைத்து அலமாரியில் தள்ளிவிடுங்கள்.

இருட்டு அவசியம். வெளிச்சம் பட்டால் முளை வெளிச்சத்துக்காக வளைந்ததா, புவியீர்ப்புக்காக வளைந்ததா என்று பிரிக்க முடியாது. தாழ்வார வீடுகளில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

ஒன்றரை இரண்டு நாளில் திறந்து பாருங்கள். நான்கு வேரும் கீழே போயிருக்கும். மேலே பார்த்துக் கிளம்பிய வேர் ஒரு கொக்கிபோல் வளைந்து திரும்பியிருக்கும். அக்காவின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது: தலைகீழாக வைத்த விதை அந்த வளைவுக்காகக் கொஞ்சம் நேரத்தையும் சேமிப்பையும் செலவழிக்கிறது. ஆனால் முளை மண்ணுக்குள் போய்விடுவதில்லை.

என் முதல் பெட்டி வீணாய்ப் போனது. தாளைச் சரியாகப் பிழியாததால் அடியில் தண்ணீர் தேங்கி, வேர்கள் பழுப்பாகி அழுகிவிட்டன. அடுத்த முறை பயந்து தண்ணீரைக் குறைத்தேன். ஒரு ஓரம் காய்ந்து, வேர்கள் ஈரமிருந்த பக்கமாகக் கோணிக்கொண்டு போயின. ஈரத்தை நோக்கித் திரும்பும் குணமும் வேருக்கு உண்டு, புவியீர்ப்பின் கட்டளையை அது சில நேரம் மீறிவிடும். ஆகவே தாள் முழுவதும் ஒரே ஈரமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தொண்ணூறு பாகை திருப்பு

இதுதான் முக்கியமான சோதனை. நிதானமாகச் செய்யுங்கள்.

வேர் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் வந்து நேராக இருக்கும் முளைகளாக ஐந்து தேர்ந்தெடுத்து, புதுப் பெட்டியில் வேர் கீழே பார்க்கும்படி வையுங்கள். மைப் பேனாவால் வேரின் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி. ஈரத்தைத் தாள் நுனியால் ஒற்றிவிட்டு வைத்தால் மை பரவாது. கை நடுங்கினால் பத்துப் புள்ளி வேண்டாம், ஐந்து போதும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் வேரின் வளர்ச்சியை அளக்க இப்படித்தான் மைக்கோடு போட்டார்.

பெட்டியை மூடி, வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு வேரின் நுனி இருக்கும் இடத்தையும் குறியுங்கள். நேரத்தை எழுதுங்கள். பெட்டியைக் கால்வட்டம் திருப்பி நிறுத்துங்கள். இப்போது வேர்கள் படுக்கைவசமாக இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து சட்டென்று ஒரு படம் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள்.

முதல் படத்தில் ஒன்றும் தெரியாது. அலுத்துப்போய்க் கோப்பி குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், வேலை உள்ளே ஆரம்பித்துவிட்டது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நுனி லேசாகத் தலை குனிந்திருக்கும். இரவு வைத்தால் காலையில் கிட்டத்தட்டச் செங்கோணம்.

இப்போது புள்ளிகளைப் பாருங்கள். பழைய பகுதியில் வைத்த புள்ளிகள் வைத்தபடியே நெருக்கமாக இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் இருந்தவை விலகிப் போயிருக்கும். வளைவும் சரியாக அங்கேதான் விழுந்திருக்கும். வேர் முழு நீளமும் வளர்வதில்லை. நுனிக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் மட்டும்தான் நீள்கிறது. அந்தப் பகுதியின் மேல்பக்கச் செல்கள் நீண்டு, கீழ்ப்பக்கச் செல்கள் நீள்வதைக் குறைத்துக்கொள்வதால் வேர் வளைகிறது.

மூன்றாம் படி: நுனியை வெட்டிப் பார்

வளையும் இடம் தெரிந்துவிட்டது. உணரும் இடம் எது?

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் இந்தக் கேள்விக்கு நிறையப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே 1872இல் தியோபில் சியேசெல்ஸ்கி என்பவர் வேர் நுனியை வெட்டிப் பார்த்திருந்தார். அதையே நாமும் செய்யலாம். பெரியவர்கள் மட்டும் பிளேடைத் தொடுங்கள்.

ஆறு நேரான முளைகள். மூன்றில் வேர் நுனியை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சீவி எடுங்கள். மற்ற மூன்றைத் தொட வேண்டாம். ஆறையும் ஒரே பெட்டியில் படுக்கைவசமாக வைத்து இரவு முழுவதும் விடுங்கள். தொடாதவை வளைந்திருக்கும். வெட்டியவை நீண்டிருக்கும், ஆனால் பெரும்பாலும் போன திசையிலேயே போயிருக்கும். வளர முடிகிறது, திசைதான் தெரியவில்லை. வெட்டு ஆழமாகிவிட்டால் வளர்ச்சியே நின்றுபோகும், அந்த முளையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓரிரு நாள் விட்டால் நுனி மறுபடி உருவாகி, வேர் திரும்பவும் கீழே தேட ஆரம்பிப்பதையும் சில முளைகளில் பார்க்கலாம்.

டார்வின்கள் இன்னொன்றையும் செய்தார்கள். வேரைச் சிறிது நேரம் படுக்கைவசமாக வைத்துவிட்டு, அது வளையும் முன்பே நுனியை வெட்டினார்கள். அப்புறமும் அது வளைந்தது. செய்தி ஏற்கெனவே நுனியிலிருந்து கிளம்பிவிட்டது என்று அர்த்தம். தபால்காரர் போன பிறகு தபால் நிலையத்தைப் பூட்டினால் என்ன ஆகும்? கடிதம் வந்துதான் சேரும்.

செல்லுக்குள் ஒரு மணிக் குவியல்

இந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சோதனைக்குத் திரும்புங்கள், அவசரமில்லை.

வேரின் நுனியில் தொப்பிபோல் ஒரு வேர்மூடி இருக்கிறது. அதன் நடுவில் உள்ள சில செல்களில் மாவுச்சத்து அடைத்த மணிகள் உண்டு. அமைலோபிளாஸ்ட் என்று பெயர். செல்லின் மற்றச் சரக்கைவிட மாவுச்சத்து அடர்த்தி அதிகம், ஆகவே அரிசி களைந்த தண்ணீரில் மாவு படிவதுபோல் இவை செல்லின் அடியில் படிந்து கிடக்கும். வேரைப் படுக்க வைத்தால் சில நிமிடங்களில் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். எந்தச் சுவரில் மணிகள் படிகின்றனவோ அதுவே கீழ். கிராஸ் நகரில் ஹாபர்லாண்ட்டும் பிராகா நகரில் நெமெட்ஸும் தனித்தனியாக இந்தக் கருத்தை வெளியிட்டார்கள், இருவருமே 1900ஆம் ஆண்டில்.

யூகம் நன்றாக இருக்கிறது, ஆதாரம்? 1996இல் குஸ்னெட்சோவ், ஹாசன்ஸ்டைன் என்ற இருவர் வலுவான காந்தப்புலத்தால் இந்த மணிகளை மட்டும் செல்லுக்குள் ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். வேரை யாரும் சாய்க்கவில்லை. இருந்தும் வேர் வளைந்தது. மாவுச்சத்தே உண்டாக்க முடியாத மரபணு மாற்றமுள்ள செடிகள் கீழே எது என்று உணர்வதில் மிகவும் மந்தமாக இருக்கின்றன என்பதும் முன்பே தெரிந்திருந்தது. மந்தம்தான், முழுக் குருடு இல்லை. மாவு இல்லாத மணியும் கொஞ்சம் கனமாக இருப்பதால் ஓரளவு படிகிறது என்று விளக்குகிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஒரு தட்டில் அரிசியைக் குவித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். குவியல் நகராது. குறிப்பிட்ட சாய்வைத் தாண்டினால்தான் சரியும். செடியோ மிகச் சிறிய சாய்வையும் கண்டுகொள்கிறது. குவியல் சரியாமல் இது எப்படி முடிகிறது? 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோதுமை முளையில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். மணிகள் சும்மா கிடக்கவில்லை. செல்லுக்குள் நடக்கும் இடைவிடாத அசைவு அவற்றைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறது. தட்டைத் தட்டிக்கொண்டே சாய்த்தால் அரிசி தண்ணீர்போல் மட்டமாகிவிடும் அல்லவா, அதே கதைதான்.

மணி படிந்த சுவரிலிருந்து செய்தி எப்படிக் கிளம்புகிறது என்பது நெடுங்காலம் இருட்டாகவே இருந்தது. நெல்லில் லேஸி என்றொரு மரபணு உண்டு. சோம்பேறி என்றுதான் பொருள். அது பழுதான நெற்பயிர் நிமிராமல் பரந்து படுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். 2023இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அந்தக் குடும்பப் புரதங்கள் மணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதைக் காட்டின. மணி கீழே படிந்ததும் புரதம் அங்கிருந்து பக்கத்துச் செல் சவ்வுக்கு இறங்கிவிடுகிறது. அது இறங்கிய பக்கமாக ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை அனுப்பும் குழாய்ப் புரதங்கள் கூடுகின்றன. வேரின் கீழ்ப்பக்கம் ஆக்சின் அதிகமாகிறது. வேருக்கு ஆக்சின் அதிகமானால் நீள்வது குறையும். கீழ்ப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் முந்த, வேர் குனிகிறது.

ஆக்சின் ஒரு பக்கம் அதிகமாகச் சேர்வதால்தான் வளைவு வருகிறது என்பதை 1920களிலேயே கீவ் நகரில் சோலோட்னியும் ஊட்ரெக்ட் நகரில் வென்ட்டும் சொல்லியிருந்தார்கள். நூறு வருடம் கழித்துத்தான் நடுவில் விடுபட்ட கண்ணி அகப்பட்டது.

நீங்களும் அந்த மணிகளைப் பார்க்கலாம். மருந்துக்கடையில் காயத்துக்குப் போடும் பழுப்பு நிற போவிடோன் அயோடின் வாங்கி, தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, வேரின் நுனித் துண்டை அதில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மெதுவாக அழுத்தி, கைப்பேசியில் மாட்டும் சிறு நுண்ணோக்கியால் பாருங்கள். நுனியில் கருநீலமாக ஒரு பொட்டு. மாவுச்சத்து அயோடினில் கருப்பது நாம் பள்ளியில் உருளைக்கிழங்கை வைத்துப் பார்த்ததுதானே. கையில் ஒட்டினால் நிறம் போக நேரமாகும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தண்டின் கணக்கு

தண்டுக்கும் அதே மணிகள், அதே ஆக்சின். விடை மட்டும் தலைகீழ். தண்டில் ஆக்சின் சேர்ந்த பக்கம் வேகமாக நீளும், அதனால் மேலே வளையும்.

பச்சைப்பயற்றை ஒரு சிறு தொட்டியில் போட்டு, நான்கைந்து சென்டிமீட்டர் உயரம் வரும்வரை இருட்டில் வளருங்கள். அப்புறம் தொட்டியை அலமாரிக்குள் படுக்க வையுங்கள். ஒரு பகலில் முளைகள் எழுந்து நிற்கும். ஒன்றிரண்டில் மேல்நுனியை வெட்டிவிட்டும் செய்து பாருங்கள். வேரைப்போல் முழுதாக வழி தவறுவதில்லை. தண்டில் உணரும் செல்கள் நுனியில் மட்டும் இல்லை. அகத்தோல் என்னும் உள்ளடுக்கில் நீளவாக்கில் பரவியிருக்கின்றன. அந்த அடுக்கே உருவாகாத ஒரு வகைக் காலைமலர்க் கொடி ஜப்பானில் உண்டு. அது நிமிரத் தெரியாமல் கண்ணீர் வடிப்பதுபோல் தொங்கும். அதற்கென்றே ஆசையாக வளர்க்கிறார்கள்.

வெளிச்சமும் புவியீர்ப்பும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? காலணிப் பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டு, கீழிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி முளையை உள்ளே வைத்துப் பாருங்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. விளக்கு மங்கலா பிரகாசமா என்பதைப் பொறுத்து என் வீட்டிலேயே இரண்டு விதமாக வந்தது.

புல் குடும்பத்தின் வழி தனி. தைப்பொங்கலுக்குத் தேக்காவில் கரும்பு வாங்கும்போது அடியில் வளைந்த கரும்பை எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் தேடி எடுக்கிறேன். காற்றில் சாய்ந்து விழுந்த கரும்பு மறுபடி நிமிர்ந்த வரலாறு அதில் இருக்கிறது. கணுவுக்கு நடுவில் உள்ள பகுதி நேராகவே இருக்கும், வளைவு கணுவிலேயே விழுந்திருக்கும். கணுவின் கீழ்ப்பக்கம் அகலமாகவும் மேல்பக்கம் ஒடுங்கியும் இருப்பதை விரலால் தடவினாலே தெரியும்.

வாழைத்தாரும் அப்படித்தான். தார் கீழே தொங்கும், காய்கள் ஒவ்வொன்றும் மேல்நோக்கி வளையும். வாழைப்பழம் வளைந்திருப்பதன் காரணம் இதுதான் என்று சொன்னபோது என் மகள் நம்பவில்லை. தோட்டத்தில் தாரைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

ஐந்தாம் படி: புவியீர்ப்பை ஏமாற்று

இவ்வளவுக்கும் காரணம் புவியீர்ப்புதான் என்று முதலில் நிரூபித்தவர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர். ஆண்டு 1806. தன் தோட்டத்து ஓடையில் ஒரு நீர்ச்சக்கரத்தை அமைத்து, அதன் விளிம்பில் அவரை விதைகளைக் கட்டிச் சுழலவிட்டார். சக்கரம் செங்குத்தாக நிமிடத்துக்கு 150 சுற்று சுழன்றபோது வேர்கள் எல்லாம் வெளிப்பக்கமாகவும் தண்டுகள் எல்லாம் அச்சை நோக்கியும் வளர்ந்தன. ராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளும் விசையைத்தான் அந்த வேர்கள் கீழ் என்று எடுத்துக்கொண்டன. சக்கரத்தைப் படுக்கவைத்துச் சுழற்றியபோது இரண்டு விசைக்கும் நடுவில் சாய்வாகப் போயின.

வீட்டில் நீர்ச்சக்கரம் வைக்க முடியாது. பழைய இசைத்தட்டு இயந்திரம் இருக்கிறதா? 78 சுற்று வேகம் உள்ளதாக இருந்தால் அதிர்ஷ்டம். முளையை நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தாளுக்கு நடுவே அசையாமல் பொருத்துங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு டப்பா. அந்த வேகத்தில், அந்தத் தூரத்தில் வெளித்தள்ளும் விசை கிட்டத்தட்டப் புவியீர்ப்புக்குச் சமம். ஆகவே வேர் ஏறக்குறைய 45 பாகை வெளிப்பக்கம் சாய்ந்து வளர வேண்டும். 33 சுற்று மட்டும் உள்ள இயந்திரமானால் சாய்வு சுமார் 10 பாகைதான், அளக்கப் பாகைமானி தேவைப்படும். இரவு முழுவதும் ஓட வேண்டியிருப்பதால் ஈரம் இயந்திரத்துக்குள் சொட்டாதபடி டப்பாவை நன்றாக மூடுங்கள். இயந்திரம் தாத்தாவுடையது என்றால் முன்னனுமதி வாங்குங்கள்.

மெதுவாகச் சுழற்றினால் வேறு விளைவு. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பொருளைச் சுற்றிக் காட்டும் சிறிய பேட்டரித் தட்டு இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் செங்குத்தாக நிறுத்தி, முளைப் பெட்டியை நடுவில் ஒட்டி, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று ஓடவிடுங்கள். மணிகள் ஒரு பக்கம் படிவதற்குள் அந்தப் பக்கம் மேலே போய்விடும். எது கீழே என்றே தெரியாத வேர் தான் கிளம்பிய திசையிலேயே போகும், அல்லது கண்டபடி அலையும். சாக்ஸ் இதற்காகவே ஒரு கருவி செய்தார். கிளினோஸ்டாட் என்று பெயர்.

உண்மையிலேயே எடை உணரப்படாத இடத்தில் என்ன ஆகும்? 2024 டிசம்பர் 30 அன்று இஸ்ரோ ஏவிய பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் போயின. நான்கு நாளில் முளைத்தன, அடுத்த சில நாளில் இலையும் விட்டன. விண்வெளியில் விதை முளைக்கத் தடையில்லை. அங்கே கீழ் என்ற திசை கிடையாது, அதனால் வெளிச்சம், ஈரம் போன்ற மற்றக் குறிப்புகளை வைத்துத்தான் செடிக்கு வழிகாட்ட வேண்டும்.

ஆறாம் படி: குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம்

இது துணிந்தவர்களுக்கு. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் பூந்தண்டை 4 பாகை குளிரில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் அது வளையாது. மணிகள் படிந்துவிடும், ஆனால் ஆக்சின் நகராது. பிறகு அறை வெப்பத்தில் நேராக நிமிர்த்தி வைத்தால், படுத்திருந்தபோது வளைந்திருக்க வேண்டிய பக்கமாக இப்போது வளையும். குளிரில் கேட்ட கட்டளையை நினைவு வைத்திருந்து பிறகு நிறைவேற்றுகிறது.

நம் குளிர்பெட்டியும் ஏறக்குறைய அதே குளிர்தான். பச்சைப்பயறு வெப்பநாட்டுப் பயிர், குளிர் ஆகாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குளிரில் நிமிர்ந்தே நின்ற முளைகளையும் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குளிரால் வந்த கோணலை நினைவாற்றல் என்று நம்பிவிடுவோம்.

ஏழாம் படி: வெளியே நடந்து பார்

எல்லா வேரும் நேர்கீழே போவதில்லை. போனால் செடிக்கே நஷ்டம். பக்கவேர்கள் சாய்வாகப் போகின்றன, இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் படுக்கைவசமாகப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு கோணம் வகுக்கப்பட்டிருக்கிறது. நெல்லில் இந்தக் கோணத்தை மாற்றும் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவைப் பிலிப்பீன்ஸ் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து எடுத்து, ஆழமில்லாத வேர் கொண்ட ஐ.ஆர். 64 ரகத்துக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். வேர் ஆழமாக இறங்கி, வறட்சியிலும் நெல் விளைந்தது. 2013இல் வெளியான ஆய்வு அது.

வேர்க்கடலையைத் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கச்சாம்பூத்தி என்ற கடலை, பயறு நொறுக்குத்தீனி விற்ற நம்மவர்கள் கூம்புப் பொட்டலத்தில் சுற்றிக் கொடுத்த அதே கடலைதான். பூ தண்டின் மேல் பூக்கும், கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கிளம்பி வேரைப்போலக் கீழே குனிந்து மண்ணுக்குள் போகும். இருட்டுக்குள் போன பிறகுதான் காய் பருக்கும்.

ஆனால் சிங்கப்பூரில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதை. வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில்களைக் குத்தி நிறுத்தியதுபோல் நூற்றுக்கணக்கில் குச்சிகள் நிற்கும். அவை தண்டு அல்ல, மூச்சு வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுகின்றன. ஒரே மரத்தில் மூன்று கட்டளை: நீளமான வேர் சேற்றுக்கடியில் படுக்கைவசமாக ஓடுகிறது, அதிலிருந்து நங்கூர வேர்கள் கீழே இறங்குகின்றன, மூச்சு வேர்கள் நேர்மேலே ஏறுகின்றன.

கடல் ஏறியிருக்கும்போது போனால் குச்சிகள் மூழ்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. வற்று நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், கொசு மருந்தை மறக்காதீர்கள். சேற்றில் இறங்க வேண்டாம், பலகையில் நின்றே எண்ணலாம். என் மகள் 212 வரை எண்ணினாள், அதற்குள் ஒரு உடும்பு குறுக்கே வந்துவிட்டது.